பச்சை வழியில் நடப்பதும் ஒரு சாட்சியமே

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன். புகழனைத்தும் அவனுக்கே உரியன. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ஆண்டுதோறும் இந்த மேடையில் தொழுகையைப் பற்றியும் ஜகாத்தைப் பற்றியும் பேசி வந்திருக்கிறேன். இவ்வாண்டு, மிம்பர் மேடைகளில் பெரும்பாலும் பேசப்படாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டில் வாங்கிய பொருளை ஊருக்குக் கொண்டுவரும்போது செலுத்த வேண்டிய சுங்க வரியும், அரசுக்குச் சேர வேண்டிய பிற வரிகளுமே அந்த விஷயம்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் தொழில் பழகி வளைகுடாவுக்குச் சென்றவர்கள் நம்மில் உண்டு. ஆவடியிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் வெல்டராகவும் ஓட்டுநராகவும் சென்று உழைப்பவர்கள் உண்டு. உம்ராவுக்குச் செல்லும் குழுக்களும் நம் மஹல்லாவிலிருந்து புறப்பட்ட வண்ணம் இருக்கின்றன. இவர்கள் அனைவரும் ஒருநாள் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் சுங்கத் தடத்தைக் கடந்துதான் வீட்டுக்கு வரவேண்டும்.

அன்பானவர்களே! முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு உம்ராவை முடித்துக்கொண்டு ஜித்தா விமான நிலையத்தில் அமர்ந்திருந்தேன். தமிழ் பேசும் சகோதரர் ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். தம் தாயாருக்குப் பேரீச்சம் பழம் அனுப்ப வேண்டும் என்றும், தம் பெட்டியின் எடை கூடிவிட்டது என்றும், சென்னையில் உறவினர் ஒருவர் வந்து பெற்றுக்கொள்வார் என்றும் கூறினார். தாய்க்கு என்றவுடன் என் மனம் இளகிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அறியாதவரின் பொருளை அறியாமல் சுமப்பது அமானிதம் ஆகாது என்பதை, பாடம் நடத்தும் நானே மறந்துபோனேன்.

சென்னையில் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தபோது எதிரே இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று பச்சை, மற்றொன்று சிவப்பு. வரி செலுத்த வேண்டிய பொருளோ தடை செய்யப்பட்ட பொருளோ தன்னிடம் இல்லை என்பவர் பச்சை வழியில் செல்லலாம். இருக்கிறது என்பவரும், ஐயம் உள்ளவரும் சிவப்பு வழியில் சென்று அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். அந்த இடத்தில் என் கால்கள் நின்றுவிட்டன. என் பையில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதபோது, ஒன்றும் இல்லை என்று நான் எப்படிச் சாட்சி சொல்வது? சிவப்பு வழியில் சென்று, இந்தப் பொட்டலம் என்னுடையதன்று, இதனுள் இருப்பது எனக்குத் தெரியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதிகாரி பிரித்தார். பழங்களுக்கு அடியில் இரண்டு தங்கச் சங்கிலிகள் இருந்தன.

அவற்றைத் தடுத்து வைத்துக்கொண்டு, என்னிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். வெளியே வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அங்கே காத்திருந்த அந்த உறவினர் நடந்ததைக் கேட்டுக் கோபப்பட்டார். பிறகு அவர் சொன்ன ஒரு சொல்லை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. "ஹஜ்ரத், நீங்கள் நேராக வந்திருந்தால் உங்களை யார் நிறுத்தியிருப்பார்கள்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்தது என் நல்ல மனத்துக்காக அன்று. என் தாடியும் தொப்பியும் ஜுப்பாவும் அவர்களுக்கு ஒரு திரையாகப் பயன்பட்டன. நபிவழி என்று நான் அணிந்த உடையின் மறைவில் ஒரு பொய் கடந்து செல்ல இருந்தது.

கண்ணியமானவர்களே! இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். வாயால் சொன்னால்தான் பொய் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பச்சை வழியில் நடப்பதே ஒரு வாக்குமூலம். ஒன்றும் இல்லை என்று நம் கால்கள் அங்கே சாட்சி சொல்கின்றன. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 77ஆவது பிரிவில், தன் பயணப்பொதியில் உள்ளதை உரியவரே அறிவிக்க வேண்டும் என்கிறது. நம் மார்க்கமோ மறுமையில் கைகளும் கால்களும் சாட்சி சொல்லும் என்று நமக்கு அறிவித்திருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இனி, சட்டம் எவற்றை அனுமதிக்கிறது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். அறியாமையால் தவறு செய்வோர் நம்மில் மிகுதி.

2016ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பயணப்பொதி விதிகளின்படி, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் திரும்பும் இந்தியர் 50,000 ரூபாய் மதிப்புள்ள பொருள்களை வரியின்றிக் கொண்டுவரலாம் என்றிருந்தது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்பும் ஆண் 20 கிராம் நகையும் பெண் 40 கிராம் நகையும் கொண்டுவரலாம். ஆனால் மதிப்பு முறையே 50,000 ரூபாய்க்கும் 1,00,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது என்றிருந்தது. தங்கத்தின் விலை ஏற ஏற இந்த மதிப்பு வரம்பு பொருளற்றதாயிற்று. 2025இல் ஒரு கிராம் பத்தாயிரம் ரூபாயைக் கடந்தபோது, 20 கிராம் என்ற சலுகை உண்மையில் 5 கிராமுக்கும் குறைவாகச் சுருங்கியது. மக்கள் வருந்தியதில் நியாயம் இருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகள் பொது வரம்பை 75,000 ரூபாயாக உயர்த்தியதுடன், நகைக்கு இருந்த மதிப்பு வரம்பை நீக்கி எடையை மட்டும் வைத்தன. இத்தகைய வரம்புகள் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகவே ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் சுங்கத்துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பாகும்.

இங்கே உம்ராவுக்குச் செல்லும் தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண்களுக்கு 40 கிராம் நகை இலவசம் என்ற பேச்சு நம் வீடுகளில் பரவியிருக்கிறது. அந்தத் தனிச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவர்களுக்கே உரியது. பதினைந்து நாள் பயணம் சென்று திரும்புவோருக்கு அது பொருந்தாது. மக்காவிலோ மதீனாவிலோ மகளின் திருமணத்துக்கென்று வளையல் வாங்கினால், கடை ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சிவப்பு வழியில் அறிவியுங்கள். இங்கிருந்து கூடுதல் நகை அணிந்து செல்வோர், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், திரும்பும்போது அது புதிய நகையா பழைய நகையா என்ற கேள்வியே எழாது.

வளைகுடாவில் உழைக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. ஆறு மாதத்திற்குக் குறையாமல் வெளிநாட்டில் தங்கியவர், ஒரு கிலோ வரை தங்கத்தைச் சலுகை வரி செலுத்திக் கொண்டுவரச் சட்டம் இடம் தந்திருக்கிறது. அந்த வரியை வெளிநாட்டு நாணயத்தில் செலுத்த வேண்டும். தங்கத்தின் இறக்குமதி வரி 2022இல் 15 விழுக்காடாக ஏற்றப்பட்டு, 2024 ஜூலையில் 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நேரான வழி இருக்கும்போது, தங்கத்தைக் கூழாக்கி உடலுக்குள் மறைக்கும் இழிவுக்கு ஒரு முஃமின் தன்னை ஆளாக்கிக்கொள்ளலாமா? தன்னைத்தானே இழிவுபடுத்திக்கொள்வது முஃமினுக்குத் தகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள் அல்லவா!

அன்பானவர்களே! இப்போது சில படித்த இளைஞர்கள் ஒரு வினாவை எழுப்புகிறார்கள். சுங்கம் வசூலிப்பதைக் கண்டித்து நபிமொழி வந்துள்ளதே, அவ்வாறாயின் அந்த வரியை ஏமாற்றுவது எப்படிக் குற்றமாகும் என்கிறார்கள். வினா நல்ல வினா. மதரஸாவில் நாங்களும் இதனை விவாதித்திருக்கிறோம்.

அந்த நபிமொழியில் மக்ஸ் என்ற சொல் வருகிறது. மக்களிடம் உரிமையின்றி அநியாயமாகப் பிடுங்கும் வசூலையே அது குறிக்கும் என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். வணிகப் பொருள்மீது அரசு நிர்ணயித்த வசூல் எதுவுமே கூடாது என்பது அதன் கருத்தாயின், உமர் (ரலி) அவர்கள் அதனை ஏற்படுத்தியிருக்க மாட்டார்கள். கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் கேட்டுக்கொண்டதற்கிணங்க இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் எழுதிய கிதாபுல் கராஜில் இதன் விவரம் இருக்கிறது. முஸ்லிம் வணிகர்கள் அயல்நாட்டுக்குச் சென்றால் அவர்களிடம் பத்தில் ஒரு பங்கு வாங்கப்படுகிறது என்று அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் எழுதியபோது, அவர்கள் நம்மிடம் வாங்குவது போலவே நீங்களும் அவர்களிடம் வாங்குங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் பதில் எழுதினார்கள். 200 திர்ஹமுக்குக் குறைவான சரக்குக்கு ஏதும் வாங்கப்படவில்லை. இன்று இலவச வரம்பு என்று நாம் சொல்வதற்கு ஒப்பான ஒன்று அன்றே இருந்திருக்கிறது.

அதே நூலில் ஒரு நிகழ்ச்சி. தஃக்லிப் குலத்தைச் சேர்ந்த கிறிஸ்தவ வணிகர் ஒருவர் 20,000 திர்ஹம் பெறுமதியுள்ள குதிரையுடன் வந்தார். ஸியாத் பின் ஹுதைர் என்ற அதிகாரி 1,000 திர்ஹம் வாங்கினார். அதே ஆண்டில் அவர் மீண்டும் அவ்வழியே வந்தபோது, இன்னொரு 1,000 கேட்கப்பட்டது. அவர் மக்காவிலிருந்த உமர் (ரலி) அவர்களிடம் சென்று முறையிட்டார். உமர் (ரலி) அவர்கள் ஒரே சொல்லில் பதில் கூறி அனுப்பிவிட்டார்கள். தம் முறையீடு பலிக்கவில்லை என்றெண்ணிய வணிகர், இரண்டாம் முறையும் செலுத்தும் மனத்துடன் திரும்பினார். ஆனால், ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வாங்காதே என்ற கலீஃபாவின் கடிதம் அவருக்கு முன்பே அதிகாரியிடம் வந்து சேர்ந்திருந்தது. பிற்காலத்தில் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், வாங்கிய தொகைக்கு எழுத்துச் சீட்டுக் கொடுக்குமாறு தம் அதிகாரிக்கு ஆணையிட்டதை முவத்தாவில் காண்கிறோம். அநியாய வசூலை ஒழித்தவர்களும் அவர்களே. நியாய வசூலுக்கு ரசீது கொடுக்கச் சொன்னவர்களும் அவர்களே.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? வரி மிகுதி என்று கருதினால் முறையிடலாம், வழக்காடலாம். அந்த வணிகர் சரக்கை மறைக்கவில்லை. மறுத்துப் பேசினார், நீதியையும் பெற்றார்.

நம் மாநிலத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வெளிநாட்டிலிருந்து கார்களை இறக்குமதி செய்தவர்கள், சுங்க வரி செலுத்திய பின்னும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தமிழ்நாடு அரசு நுழைவு வரி கேட்பது முறையன்று என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். இறக்குமதிப் பொருள்மீதும் மாநிலங்கள் நுழைவு வரி விதிக்கலாம் என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் செலுத்துவதுதான் முறை என்றாயிற்று. தோற்ற வழக்கும் நேர்மையான வழக்கே. மறைத்துத் தப்பித்த பொருளோ, யாரும் பிடிக்காவிட்டாலும், ஏமாற்றிய பொருள்தான்.

2017 ஜூலை முதல் நுழைவு வரி சரக்கு மற்றும் சேவை வரிக்குள் அடங்கிவிட்டது. வணிகத்துக்காக இறக்குமதி செய்யும் நம் சகோதரர்கள், சுங்க வரியுடன் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியும் செலுத்துகிறார்கள். அதில் பொருள் நுகரப்படும் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. நம் வீட்டில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குத்தான் ஓடுகிறோம். அங்கே மருந்து இல்லையென்றால் குறைகூறுகிறோம். அந்த மருந்துக்கான பணம் எங்கிருந்து வரவேண்டும் என்பதையும் நினைக்க வேண்டும். மேலும், முறையாக வரி செலுத்தி ஒரு பொருளை விற்பவருக்குப் பக்கத்திலேயே, மறைத்துக் கொண்டுவந்த அதே பொருளை விலை குறைத்து விற்பவர், நேர்மையான வணிகரின் வயிற்றில் அடிக்கிறார். அவ்வாறு நட்டமடைவோரில் நம் சமுதாயத்தவரும் இருக்கிறார்கள்.

மார்க்கத்தின் அடிப்படை தெளிவானது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே அல்லாஹ் கட்டளையிடுகிறான். கடவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு இந்நாட்டின் பாதுகாப்பில் பயணம் செய்கிற நாம், அதன் பயண விதிகளுக்கும் உடன்பட்டிருக்கிறோம். அதிகாரியின் கையில் எதையேனும் திணித்துத் தப்பிப்பதோ, லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் சபிக்கப்பட்டவர்கள் என்ற எச்சரிக்கைக்குள் நம்மைத் தள்ளிவிடும். மற்றொன்று: வரி செலுத்தியதால் ஜகாத் நீங்காது, ஜகாத் கொடுத்ததால் வரியும் நீங்காது. இரண்டும் தனித்தனிக் கடமைகள்.

அன்பானவர்களே! இறுதியாக, சொல்வதற்குக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கூலிக்காகப் பிறர் பொருளைச் சுமந்து வருவோரைக் குருவி என்று அழைக்கிறார்கள். 2023 செப்டம்பரில் மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு வந்த ஒரே விமானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளை நிறுத்திச் சோதித்து, தங்கமும் கைபேசிகளும் குங்குமப்பூவும் கைப்பற்றினார்கள். பொருளுக்கு உரியவர் எங்கோ இருக்கிறார், பிடிபடுவது குருவிதான். சுங்கச் சட்டத்தின் 123ஆவது பிரிவு, கைப்பற்றிய தங்கம் கடத்தல் பொருள் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை, யாரிடம் கைப்பற்றினார்களோ அவர்மீதே சுமத்துகிறது. 135ஆவது பிரிவு, பெருந்தொகையாயின் ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழிசெய்கிறது. 1974ஆம் ஆண்டின் காஃபிபோசா சட்டத்தில் விசாரணையின்றியே ஓராண்டு வரை காவலில் வைக்கவும் இடமுண்டு.

நம் மஹல்லாவின் ஓர் இளைஞரும் இவ்வாறு சென்று பிடிபட்டார். பெயரைச் சொல்லப் போவதில்லை, சொல்லவும் கூடாது. சகோதரியின் திருமணத்துக்கு வாங்கிய கடனை அடைக்க, விமானச் சீட்டும் சிறு கூலியும் தருகிறோம் என்றவர்களை நம்பிச் சென்றார். அவர் பிடிபட்ட செய்தி வந்த நாளில் நம்மில் பலர் ஜமாஅத்தின் மானம் போயிற்று என்று பேசினோம். ஆனால், அதற்கு இரண்டு மாதம் முன்பு அவருடைய தந்தையார் நம் பைத்துல்மாலில் அழகிய கடன் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தார். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று குறித்து வைத்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அந்த விண்ணப்பம் இன்றும் கோப்பில் இருக்கிறது. அவர் செய்தது தவறு. நாம் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது?

ஆகவே இந்தப் பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் செல்வோருக்கு நாம் நடத்தும் வழிகாட்டி வகுப்பில், இஹ்ராமின் சட்டங்களோடு சுங்க விதிகளையும் அரை மணி நேரம் கற்பிக்க வேண்டும். விவரம் அறிந்த ஒருவரை அதற்கு அழைப்போம்.

இரண்டு: திறந்து பார்க்காத பொட்டலத்தை யாருக்காகவும் சுமப்பதில்லை என்று ஒவ்வொருவரும் உறுதி கொள்ள வேண்டும். கொடுப்பவர் உறவினராயினும், ஹஜ்ரத்தாயினும் சரியே. திறந்து காட்டத் தயங்குபவரின் பொருள் நமக்கு வேண்டாம்.

மூன்று: பைத்துல்மாலுக்கு வரும் கடன் விண்ணப்பங்களுக்குப் பதினைந்து நாள்களுக்குள் பதில் கூற வேண்டும். தர இயலவில்லை என்றால் அதையாவது உரிய காலத்தில் சொல்ல வேண்டும். கடனில் தவிப்பவர் பள்ளிவாசலின் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பும் வழியில்தான் குருவி பிடிப்பவர் காத்திருக்கிறார்.

அந்த இளைஞரின் வழக்கு இன்னும் முடியவில்லை. அவருடைய தாயார் ஒவ்வொரு ஜும்ஆவிலும் துஆச் செய்யுமாறு சொல்லி அனுப்புகிறார். அவருக்காகவும் துஆச் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலானதாக ஆக்குவாயாக! எங்கள் நாவுகளையும் கால்களையும் பொய்ச் சாட்சியத்திலிருந்து காப்பாயாக! எங்கள் பிள்ளைகளை இழிவிலிருந்து பாதுகாப்பாயாக! தேவையுடையோர் எங்களிடம் வரும்போது காலம் தாழ்த்தாமல் உதவும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.